தஞ்சை நெல்லுக்காக நடந்த போர்: எதிரியும் நம்பிய ஒரு மனிதர்... யார் இந்த ஸ்வார்ட்ஸ்?

காங்கோவின் கிழக்குப் பகுதியில் கோல்டான் என்ற தாது கிடைக்கிறது. செல்போன் உதிரிபாகம் செய்ய அது வேணும். அந்தச் சுரங்கங்களைப் பிடிக்க ஆயுதக் குழுக்கள் பல ஆண்டுகளாகச் சண்டை போடுகின்றன. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போருக்கு வைரம்தான் பணம் கொடுத்தது. மண்ணில் வளம் இருக்கும், அதைச் சுற்றித் துப்பாக்கி இருக்கும், வெளிநாட்டுப் பணம் இருக்கும். ஊரை விட்டு ஓடுவது மட்டும் அந்த மண்ணில் வேலை செய்யும் ஜனங்கள்.

இது எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடக்கும் கதை என்று தோணலாம். ஆனால் 250 வருஷத்துக்கு முன்னாடி இதே கதை காவிரி டெல்டாவில் நடந்தது. அங்கே வைரமும் இல்லை, கோல்டானும் இல்லை. நெல்தான்.

அந்தக் காலத்தில் தஞ்சைக்கு வந்து, போர், பஞ்சம், வசூல் கொடுமை எல்லாவற்றையும் நேரில் பார்த்தவர் ஸ்வார்ட்ஸ் பாதிரியார். ராஜா, கம்பெனி, ஹைதர் அலி, குடியானவர்கள் என ஒருவரை ஒருவர் நம்பாத நான்கு தரப்பும் நம்பிய ஆள் இவர். தஞ்சை அரண்மனை வட்டாரத்தில் இவர் பெயரில் இன்றும் ஒரு தேவாலயம் இருக்கிறது. யார் இவர்? என்ன செய்தார்? எதைச் செய்ய முடியாமல் போனது?

ஜெர்மனியில் தமிழ் படித்தவர்

கிறிஸ்டியான் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சொன்னன்பர்க் என்ற சிறு ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது. ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது, தமிழ்நாட்டில் வேலை செய்து திரும்பியிருந்த சுல்ட்சே என்ற பாதிரியார் தமிழ் வேதாகமம் அச்சிடும் முயற்சியில் இருந்தார். அதற்கு உதவுவதற்காக ஸ்வார்ட்ஸ் தமிழ் கற்றார். கப்பல் ஏறும் முன்பே தமிழ் எழுத்து அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது. வந்த சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார். 1760-களில் திருச்சிக்குப் போனார். அங்கே நவாபின் ஆட்களோடும் கம்பெனி சிப்பாய்களோடும் பழக வேண்டியிருந்ததால் இந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். தஞ்சை அரண்மனையில் பேச மராத்தியும் கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. பின்னாளில் அவர் வார்த்தைக்குக் கிடைத்த மதிப்புக்கு இந்த இரண்டும் முக்கியக் காரணம்.

1769-ல் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாவை முதல் முறையாகச் சந்தித்தார். பாதிரியார் தன் அருகிலேயே இருக்க வேண்டும் என்று மன்னர் விரும்பினார். ஆனால் அதற்குள் தஞ்சையைச் சுற்றிப் பெரிய வலை விழுந்துவிட்டது.

நெல் மீது கண் வைத்தது யார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கடன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆற்காடு நவாப் முகமது அலி, கம்பெனிப் படையின் உதவியோடு ஆட்சிக்கு வந்தவர். படைச் செலவுக்காகக் கம்பெனிக்குக் கடன்பட்டார். அந்தக் கடனை அடைக்க, கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குப் பணம் வாங்கினார். ஈடாக என்ன கொடுத்தார்? ஊர்களின் வரி வருவாயை எழுதிக் கொடுத்தார். அதாவது, இனிமேல் விளையப் போகும் நெல்.

நவாபின் சொந்தச் சீமை வருவாய் போதவில்லை. பக்கத்தில்தான் காவிரித் தண்ணீர் பாயும் தஞ்சை. தஞ்சை மன்னர் தனக்குக் கப்பம் கட்ட வேண்டியவர் என்பது நவாபின் வாதம். 1762-ல் கம்பெனி நடுவில் நின்று ஒரு ஒப்பந்தம் போட்டது. பழைய பாக்கிக்கு 22 லட்சம் ரூபாய், பிறகு ஆண்டுக்கு 4 லட்சம் ரூபாய் தஞ்சை கட்ட வேண்டும். அத்தோடு நிற்கவில்லை. ராமநாதபுரம் மீது துளஜா படையெடுத்ததைக் காரணம் காட்டி, 1771-ல் கம்பெனிப் படையும் நவாபின் படையும் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டன. பெரும் தொகை பேசி அன்று தப்பியது தஞ்சை. 1773 செப்டம்பரில் மறுபடி வந்தார்கள். கோட்டை விழுந்தது. மன்னரும் குடும்பமும் உள்ளேயே சிறை வைக்கப்பட்டார்கள். டெல்டாவின் விளைச்சல் நவாப் கைக்குப் போனது. நவாப் வழியாக அவருடைய கடன்காரர்கள் கைக்கும் போனது.

கவர்னரையே கைது செய்த கடன் பத்திரம்

இந்த விஷயம் லண்டனுக்குப் போனதும் கம்பெனியின் இயக்குநர்கள் கோபப்பட்டார்கள். தஞ்சையைத் துளஜாவிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லி பிகட் பிரபுவை மெட்ராஸ் கவர்னராக அனுப்பினார்கள். 1776 ஏப்ரலில் பிகட் தஞ்சைக்கு நேரில் வந்து துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்.

உடனே பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி ஊழியர் ஒரு கோரிக்கையோடு வந்தார். தஞ்சை வருவாயை நவாப் தனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், குடியானவர்களும் பயிரை ஈடு வைத்துத் தன்னிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள் என்றார். மொத்தம் 2 லட்சத்து 30 ஆயிரம் பவுண்டுக்கு மேல். சொற்பச் சம்பளம் வாங்கும் ஒரு ஊழியரிடம் அவ்வளவு பணம் எப்படி வந்தது என்ற கேள்வி அன்றே எழுந்தது.

பிகட் ஏற்க மறுத்தார். ஆனால் கவுன்சில் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தார்கள். 1776 ஆகஸ்டில் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் காவலில் இருந்தபோதே பிகட் இறந்துபோனார். நவாபின் கடன் விவகாரம் 1785-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. எட்மண்ட் பர்க் அதைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தினார். தஞ்சைக் குடியானவர் அறுத்த நெல், கடல் தாண்டிய அரசியலைப் புரட்டிப் போட்டது.

அரியணை திரும்பக் கிடைத்தது சும்மா இல்லை. கோட்டைக்குள் கம்பெனிப் படை நிற்கும், அதன் செலவுக்கு மன்னர் ஆண்டுக்கு 4 லட்சம் வராகன் கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. நவாபின் கப்பமும் தொடர்ந்தது. இரண்டுமே கடைசியில் வயலில் இருந்துதான் வர வேண்டும். 1778-ல் ஸ்வார்ட்ஸ் தஞ்சையில் நிரந்தரமாகக் குடியேறியபோது நிலைமை இதுதான்.

ஹைதர் அலியிடம் போன தூது

அடுத்த ஆண்டே அவருக்கு எதிர்பாராத வேலை வந்தது. மைசூரின் ஹைதர் அலி கம்பெனி மீது கோபத்தில் இருந்தார். போர் வரலாம் என்ற பயம் மெட்ராஸில் இருந்தது. ஹைதரின் மனநிலையை அறியவும் சமாதானம் பேசவும் கவர்னர் ரம்போல்டு தேர்ந்தெடுத்தது ஸ்வார்ட்ஸை. கம்பெனி அதிகாரிகளை நம்ப முடியாது, அந்தப் பாதிரியாரை வேணும்னா அனுப்புங்கள் என்று ஹைதரே கேட்டதாகவும் சொல்லப்படுகிறது.

1779-ல் ஸ்வார்ட்ஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். ஹைதர் மரியாதையாக நடத்தினார். ஆனால் கம்பெனி வாக்கு மீறிய கணக்கையெல்லாம் அடுக்கினார். கிளம்பும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தன் பணமாக வைத்துக்கொள்ள ஸ்வார்ட்ஸ் விரும்பவில்லை. கம்பெனியிடம் ஒப்படைத்தார், அவர்கள் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூட நிதிக்கு அது முதல் பணமானது.

தூது பலிக்கவில்லை. 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. ஆனால் அந்தப் போரின் நடுவிலும், ஸ்வார்ட்ஸ் எங்கே போனாலும் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும் என்று ஹைதர் தன் படைக்கு உத்தரவிட்டார்.

நெல் இருந்தும் பசி ஏன்?

தஞ்சைச் சீமையில் அந்த வருஷங்களை 'ஹைதர் காலம்' என்றே பல தலைமுறைகள் பேசின. ஊர்கள் எரிந்தன, மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசனக் கரைகள் உடைந்தன. 1782 பிப்ரவரியில் கும்பகோணம் பக்கத்தில் கர்னல் பிரைத்வைட்டின் கம்பெனிப் படையைத் திப்பு சுற்றி வளைத்துத் தோற்கடித்தார். 1780-ல் விளைந்த நெல்லில் பத்தில் இரண்டு பங்குகூட அடுத்த இரண்டு ஆண்டுகளில் விளையவில்லை.

பிழைக்க வழி இல்லாமல் கிராமத்து ஜனங்கள் கோட்டைக்குள் வந்து குவிந்தார்கள். உள்ளே மன்னர், கம்பெனிப் படை, அகதிகள். தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. காலையில் எழுந்து பார்த்தால் தெருவில் பிணங்கள். நெல் விலை குறைவாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் கொஞ்சம் வாங்கி வைத்திருந்தார். அதை வைத்துக் கஞ்சி ஊற்றினார். ஆனால் ஒரு கோட்டைக்கே அது எத்தனை நாள் வரும்?

முக்கியமான விஷயம் இதுதான்: வெளியே கிராமங்களில் கொஞ்சம் நெல் இன்னும் இருந்தது. கோட்டைக்கு யாரும் கொண்டுவரத் தயாராக இல்லை, அவ்வளவுதான். ஏன்? முன்னால் கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுக்கவில்லை. வண்டி மாட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ராஜாவின் ஆள் வந்து கேட்டாலும் சரி, கம்பெனி அதிகாரி வந்து கேட்டாலும் சரி, குடியானவர்கள் அசையவில்லை. துப்பாக்கியைக் காட்டினால் நெல்லைப் பதுக்குவார்கள், ஊரைக் காலி செய்வார்கள்.

கடைசியில் மன்னரும் அதிகாரிகளும் ஸ்வார்ட்ஸிடம் வந்தார்கள். அவர் கிராமங்களுக்குக் கடிதம் எழுதினார். மாட்டுக்கு வாடகை, நெல்லுக்கு விலை, இரண்டையும் தானே நேரில் நின்று கொடுப்பதாக உறுதி சொன்னார். வழியில் மாடு செத்தால் அதற்கும் நஷ்ட ஈடு உண்டு என்றார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. சொன்னபடி ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்து அனுப்பினார். கோட்டை பிழைத்தது.

போர் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள்

ஹைதர் 1782 டிசம்பரில் இறந்தார். 1784-ல் திப்புவுடன் சமாதானம் ஆனது. ஆனால் டெல்டா எழுந்திருக்கவில்லை. காரணம், வசூல். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பாக்கி மன்னர் தலையில் இருந்தது. அதைத் தேற்ற, 'பாபா' என்று அழைக்கப்பட்ட அமைச்சர் கசக்கிப் பிழிந்தார். விளைச்சலில் பாதிக்கும் மேல் அரசுக்குப் போனது. இருக்கிற கொஞ்சத்தையும் விட்டுவிட்டு ஜனங்கள் எல்லை தாண்டினார்கள். சுமார் 65,000 பேர் தஞ்சைச் சீமையை விட்டுப் போனதாக அன்றைய கணக்கு சொல்கிறது. ஆயுதம் இல்லாத குடியானவனுக்கு எதிர்ப்பைக் காட்ட இருந்த ஒரே வழி, கலப்பையைப் போட்டுவிட்டு நடப்பதுதான்.

இனி இந்த நிர்வாகத்தை நம்பிப் பயனில்லை என்று கம்பெனி தலையிடப் பார்த்தது. கொடுமை செய்யாமல் இருந்தால் ஜனங்கள் திரும்பி வருவார்கள் என்று ஸ்வார்ட்ஸ் மன்னரிடம் எடுத்துச் சொன்னார். நியாயமாக நடத்துவதாக மன்னர் வாக்குக் கொடுத்தார். ஆனால் அந்த வாக்கை மன்னர் பெயரில் அனுப்பியபோது யாரும் வரவில்லை. ஸ்வார்ட்ஸ் தன் பெயரில் உறுதி கொடுத்த பிறகுதான் வந்தார்கள். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினார்கள்.

வழக்கமாக ஜூனில் தொடங்கும் வயல் வேலை அந்த ஆண்டு செப்டம்பரில்தான் தொடங்கியது. பருவம் தவறிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாதிரியார் வார்த்தைக்காக இரவு பகல் பார்க்காமல் உழைப்பதாகச் சொன்னவர்கள், முந்தைய ஆண்டைவிட அதிகமாகவே விளைவித்துக் காட்டினார்கள்.

பின்னர் தஞ்சை வருவாயை மேற்பார்வையிட கம்பெனி அமைத்த குழுவில் ஸ்வார்ட்ஸுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்: கட்டாயப்படுத்தி வசூலிக்கும் எந்த வேலையிலும் தான் சேர மாட்டேன் என்பதே அது. நியாயமான வரி என்ன, குடியானவனுக்கு எவ்வளவு மிஞ்ச வேண்டும், ஊர் வழக்குகளை யார் விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் யோசனை எழுதிக் கொடுத்தார். தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கையில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கவும் துணை நின்றார்.

சரபோஜியின் பாதுகாவலர்

1787-ல் துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். வாரிசு இல்லாததால் சுமார் 10 வயதுச் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்திருந்தார். அந்தப் பையனை ஸ்வார்ட்ஸ் கையில் ஒப்படைக்க விரும்பினார். அரசியல் பொறுப்பை ஏற்கத் தயங்கிய ஸ்வார்ட்ஸ், மன்னரின் சகோதரர் அமர்சிங்கைக் கைகாட்டினார்.

அது சரியாக அமையவில்லை. தத்தெடுப்பு சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் சொன்னதைக் கொண்டு கம்பெனி அமர்சிங்கையே மன்னராக்கியது. சரபோஜி படிப்பும் வெளிச்சமும் இல்லாமல் அடைத்து வைக்கப்பட்டார். ஸ்வார்ட்ஸ் கம்பெனிக்கு விடாமல் முறையிட்டு, 1793-ல் சரபோஜியை மெட்ராஸுக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். சரபோஜிக்கு ஆங்கிலக் கல்வியும் மேற்கத்திய அறிவியல் ஆர்வமும் அங்கேதான் வளர்ந்தது. பின்னாளில் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் இந்த சரபோஜிதான். தத்தெடுப்பு செல்லும் என்று பிறகு தீர்ப்பு மாறியது. 1798-ல் சரபோஜி மன்னரானார். அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. அதே ஆண்டு பிப்ரவரி 13-ம் தேதி தஞ்சையில் அவர் காலமாகியிருந்தார்.

விமர்சனமே இல்லையா?

இருக்கிறது. முதலாவது, அவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்கியவர். கொள்ளையை நேரில் பார்த்தும், கம்பெனி ஆட்சியையே தவறு என்று சொன்னதில்லை. அநியாய அதிகாரிகளுக்குப் பதில் நியாயமான அதிகாரிகள் வந்தால் போதும் என்று நினைத்தார். சரபோஜிக்காக அவர் செய்த முறையீடுகள், தஞ்சை வாரிசு யார் என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும் நிலைக்கும் உதவின.

இரண்டாவது, சாதி. அவருடைய சபையில் வெள்ளாளரும் தாழ்த்தப்பட்டவர்களும் தனித்தனியாக உட்காரும் வழக்கத்தை அவர் அனுமதித்தார். 1833-ல் பிஷப் வில்சன் அதை ஒழிக்க உத்தரவிட்டபோது தஞ்சையில் பெரிய தகராறே நடந்தது. ஸ்வார்ட்ஸ் சிறுவயதில் அழைத்து வந்து வளர்த்த புகழ்பெற்ற கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார், பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார்.

மூன்றாவது, அவர் பேசிய 'குடியானவர்கள்' பெரும்பாலும் நிலத்தில் உரிமை உள்ளவர்கள். அவர்கள் வயலில் அடிமையாக வேலை பார்த்த பண்ணையாட்கள் பஞ்சத்தில் எத்தனை பேர் செத்தார்கள், எங்கே ஓடினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் நெல் யாருக்குப் போனது?

ஸ்வார்ட்ஸ் இறந்த அடுத்த ஆண்டே அதற்குப் பதில் கிடைத்தது. 1799 அக்டோபரில் சரபோஜி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தஞ்சையின் முழு நிர்வாகமும் வரி வசூலும் கம்பெனிக்கு. மன்னருக்குக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. 1773-ல் பீரங்கியால் பிடித்துத் திருப்பிக் கொடுக்க நேர்ந்த டெல்டாவை, கம்பெனி காகிதத்தில் வாங்கிக்கொண்டது.

ஒரு மனிதரின் நேர்மையால் ஒரு பஞ்சத்தைத் தாண்ட முடிந்தது, ஓடிப்போன 7,000 பேரைத் திரும்ப அழைக்க முடிந்தது. ஆனால் விளைச்சலை யார் எடுப்பது என்பதை முடிவு செய்யும் இடத்தில் அந்த விவசாயிக்கு நாற்காலி இல்லை. அந்த மனிதர் போன பிறகு அந்த உறுதியும் போய்விட்டது. ரத்த வைரங்களைத் தடுக்க 2003-ல் கிம்பர்லி சான்றிதழ் முறை வந்ததும், ஆப்பிரிக்கச் சுரங்க ஊர்களின் ஜனங்கள் ஒப்பந்தங்களை வெளியிடச் சொல்லிப் போராடுவதும் இதே காரணத்துக்காகத்தான். நல்லவர் ஒருவர் வாக்கு போதாது, அது சட்டமாக எழுதப்பட்டு எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

சரபோஜி தன் ஆசிரியருக்காக லண்டன் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மேனிடம் ஒரு பளிங்குச் சிற்பம் செய்யச் சொன்னார். ஸ்வார்ட்ஸ் படுக்கையில் இருக்க, மன்னர் அவர் கையைப் பிடித்திருக்கும் காட்சி அது. தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தையே சரபோஜிதான் கட்டினார் என்று பல இடங்களில் எழுதியிருக்கும், நம்ப வேண்டாம். அது 1779-ல் கட்டப்பட்டது, அப்போது சரபோஜிக்கு வயது 2. கம்பெனியும் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஸ்வார்ட்ஸுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. மாடும் நெல்லும் கொண்டுவந்து கோட்டையைக் காப்பாற்றிய கிராமத்துக்காரர்களுக்கு மட்டும் எங்கும் ஒரு கல் இல்லை.